முப்பத்து மூன்றாம் வளைவில் நின்ற வண்டி

செய்தி வந்தபோது நான் ரேஷன் கடையில் நின்றிருந்தேன். என் விரல் அந்த மெஷினில் பதியவில்லை. முப்பது வருஷம் இரும்புக் கயிறு பிடித்த கை. ரேகை என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. கடைக்காரர் ஒவ்வொரு விரலாக மாற்றி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை முனகியது. அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. அமலி அண்ணி பேசினார். "ரெங்கு, உங்க அண்ணன் போயிட்டாருப்பா. காபி கேட்டாரு. கலந்து எடுத்தாறதுக்குள்ள..." என்றார். நான் போனைப் பையில் போட்டுவிட்டு விரலை மறுபடி வைத்தேன். இந்த முறை பதிந்தது. அரிசியையும் சர்க்கரையையும் வாங்கி, வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குக் கிளம்பினேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அந்த இரண்டு தெருவும் அன்று முடியவே இல்லை.

சூசைராஜ் அண்ணனைத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தர வேண்டும் என்று நம் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் கேட்டார்கள். எனக்கு எழுத்து கிடையாது. எண் மட்டும் தெரியும். லோடின் மேல் எத்தனை டன் என்று போட்டிருப்பதைப் படிக்காமல் நம் வேலையில் பிழைக்க முடியாது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். "இதையெல்லாமா எழுதணும் மாமா?" என்று நடுவில் கேட்கிறாள். எழுது என்கிறேன்.

உங்களில் பலருக்கு அவரைக் கைலாசபுரம் தொழிற்சாலையில்தான் பழக்கம். ஷெட்டின் கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேன். அதில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் அவர். தரையில் லோடைக் கட்டிவிட்டுச் சைகை காட்டுகிறவன் நான். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது. விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டினால் இறக்கு. கையை நீட்டி விரல்களை மூடினால் நில். இந்த மூன்றையும் இன்னும் நாலைந்தையும் வைத்துக்கொண்டு இருபத்தேழு வருஷம் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டோம். நேரில் பேசியது குறைவு. "தரையில நிக்கறவனுக்குத் திமிரைப் பாரு" என்பார் என்னை. "கூண்டுல இருக்கறது குருவியா கழுகான்னு கீழேருந்து பார்த்தா தெரியலைண்ணே" என்பேன் நான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் ஒன்று நடந்தது. டீ கொண்டுவருகிற கேன்டீன்காரர் யாரையோ பார்த்து "இருப்பா, வரேன்" என்று கையை நீட்டி விரல்களை மூடினார். மேலே பதினெட்டு டன் இரும்பு உருளை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஃபோர்மன் கத்தினார். கீழே நான் போகச்சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கும்போது டீக்காரன் கையைப் பார்த்து நிறுத்துவதா என்று அவருக்கு ஆத்திரம். அண்ணன் ஏணி வழியாக இறங்கி வந்தார். வந்து, அமைதியாகச் சொன்னார். "நில்லுன்னு யார் காட்டினாலும் நிப்பேன் சார். டீ கொண்டாறவன் காட்டினாலும் நிப்பேன். அவன் கண்ணுக்கு என்ன தெரிஞ்சுதோ. ஆனா போன்னு காட்டறது ஒருத்தன்தான். அவன் காட்டாம ஷிஃப்ட் முடியற வரைக்கும் அப்படியே நிப்பேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த ஒருத்தன் நான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு வயது இருபத்துநாலு.

கூண்டில் எட்டு மணி நேரம் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பவர், தரைக்கு வந்தால் ஐந்து நிமிஷம் உட்கார மாட்டார். இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். என் மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்காரவைக்க நாலு பேர் முயன்றோம். இலையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார். மாதா கோவிலில் பூசை முழுக்க வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "சாமியார் பிரசங்கத்துல உட்காருன்னு சொல்லலையே" என்பார். அண்ணி சலித்துக்கொள்வார்: "இவருக்கு நான் வாங்கின நாற்காலி எல்லாம் எனக்குத்தான் ரெங்கு." அவர் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்தது இரண்டு இடத்தில். ஒன்று கூண்டு. இன்னொன்று அந்த மோட்டார் சைக்கிள்.

மிலிட்டரியில் ஏலம் விட்ட வண்டி அது. டேங்க் பச்சை உரிந்து, அடியில் இருந்த வேறொரு பச்சை தெரியும். வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஸ்டோர் கீப்பர் வைத்திருந்தார். அண்ணனுக்கு இருபத்தாறு வயதில் அதை வாங்கப் பஸ்ஸில் மலை ஏறிப் போயிருக்கிறார். வாங்கி, பிரேக் பாதிதான் பிடிக்கும் வண்டியில் நாற்பது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, திருச்சி வரை ஓட்டிவந்தார். பிறகு நாற்பது வயதுவாக்கில் அதை ஓட்டிக்கொண்டு மலை ஏற ஒரு தடவை தனியாகப் போனார். பதினெட்டாம் வளைவில் எஞ்சின் சூடேறி இறுகிவிட்டது. லாரியில் போட்டுக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் பிள்ளை படிப்பு, வீடு, ஓவர்டைம் என்று வருஷங்கள் போய்விட்டன. ஆனால் விஷயம் அவருக்குள்ளே அடங்கவில்லை. "இந்த வண்டி அந்த மலையை இறங்கித்தான் பார்த்திருக்கு ரெங்கு. ஏறிப் பார்த்ததில்லை. இறக்கின லோடை ஒரு தடவையாவது ஏத்திக் காட்ட வேணாமா?" என்பார். யாருக்குக் காட்ட என்று நான் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒத்திகை மாதிரி என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சுற்றுவார். காலையில் காவிரிப் பாலம் தாண்டி எங்காவது. ஒரு தடவை பச்சைமலை. பாதி ஏற்றத்தில் ஒரு பெண் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு நின்று கையைக் காட்டினாள். அண்ணன் ஏற்றத்தின் நடுவிலேயே சட்டென்று நிறுத்திவிட்டார். வண்டி பின்வாங்கியது. நான் குதித்து, கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன்.

"எதுக்குத் தாத்தா நின்னீங்க? நான் பஸ்ஸுக்குல்ல கை காட்டினேன்" என்றாள் அவள்.

"கை காட்டினியே."

"பின்னாடி பஸ் வருதான்னு பாருங்க."

பார்த்தார். பஸ் வரவில்லை. அது அன்றைக்கு வருகிற பஸ்ஸே இல்லை என்று அப்புறம் தெரிந்தது. அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அவளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். மூன்று கிலோமீட்டர் நடந்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு வேகவைத்த கிழங்கு தின்றுகொண்டிருந்தார். "நீ காட்டாமலே போயிட்டேன்னு நினைக்காத. அவ பொம்பளை, நீ தரையில நிக்கறவன்" என்றார்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இது அண்ணியைத் தவிர யாருக்கும் தெரியாது. அண்ணியும் பாதிதான் அறிவார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலை. அவர் வீட்டில் அண்ணி காபி டம்ளரைச் சின்ன மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் கையை நீட்டினார். டம்ளருக்கு ஒரு அங்குலம் முன்னாலேயே விரல்கள் மூடிக்கொண்டன. மறுபடி நீட்டி எடுத்தார். வேறு யாராவது என்றால் கவனித்திருக்க மாட்டேன். தரையில் நான் போடுகிற சுண்ணாம்புக் கோட்டின் மேல் பதினெட்டு டன்னை விரற்கடை தப்பாமல் இறக்கின மனிதர் அவர். நான் அவருடைய வலப்பக்கம் போய் நின்று விரலை மேலே காட்டிச் சுழற்றினேன். அவர் காபியைக் குடித்துக்கொண்டே இருந்தார். என் கையைப் பார்க்கவே இல்லை.

"எத்தனை நாளாண்ணே?" என்றேன்.

அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஆறு மாசம். கண்ணுல பிரஷராம். வலது போயிடுச்சு, திரும்பி வராதுன்னு சொல்லிட்டாங்க. இடதுக்குச் சொட்டு மருந்து. அமலிக்குத் தெரிஞ்சா வண்டிச் சாவி காவிரியில கிடக்கும்." கொஞ்சம் நடந்துவிட்டு வந்தார். "ஒத்தைக் கண்ணுக்கு எல்லாம் தெரியுது ரெங்கு. தூரம்தான் தெரியலை. எது கிட்ட, எது தள்ளின்னு. அது உனக்குத் தெரியுமில்ல?"

இடதும் போவதற்குள் மலை ஏறிவிட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். நான் அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணம் அன்பு, நட்பு என்று எழுதலாம். உண்மையான காரணம், அவர் என்னைக் கேட்டார் என்கிற பெருமை. மேலே கூண்டில் இருந்தவர் இறங்கிவந்து, நீ இல்லாமல் முடியாது என்றார். அந்த வயதிலும் எனக்கு அது வேண்டியிருந்தது.

ஒரு வாரம் கொள்ளிடக் கரையில் பழகினோம். அவருடைய தோள்தான் சைகைப் பலகை. இடது தோளில் ஒரு தட்டு என்றால் வழி சரி, போ. கையைப் பரப்பி வைத்தால் மெதுவாக. முதுகின் நடுவில் முஷ்டியை வைத்து அழுத்தினால் நில். பழகிய மூன்றாம் நாள் எனக்கே வியப்பாக இருந்தது. நான் தட்டுகிற நேரமும் அவர் கை முறுக்குகிற நேரமும் ஒன்றாக இருந்தன. கண் அவருடையதா என்னுடையதா என்று சந்தேகம் வந்துவிடும்.

அதிகாலையில் கிளம்பினோம். அண்ணி எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொடுத்தார். போகிற வழியில் இல்லை என்றாலும் முந்தின நாள் சமயபுரத்துக்குப் போய் நான் வண்டிக்கு ஒரு எலுமிச்சம்பழமும் கொஞ்சம் திருநீறும் வாங்கி வந்திருந்தேன். அண்ணன் டேங்கின் மேல் ஏற்கனவே மாதா படம் ஒட்டியிருந்தார். "ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காம வந்தா சரி" என்றார். குளித்தலை தாண்டும்வரை சாலை முழுக்க வாழை லாரிகள். கரூரில் டீ. தாராபுரத்துக்குப் போகும் வெறிச்சோடிய சாலையில் அவர் பாட ஆரம்பித்தார். கோவில் பாட்டு ஒன்று, பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து. காற்றாலைகள் வந்ததும் நிறுத்திவிட்டு, அந்த இறக்கைகளை எந்தக் கிரேனால் தூக்கியிருப்பார்கள், எத்தனை பேர் கீழே நின்றிருப்பார்கள் என்று உடுமலை வரைக்கும் அதே பேச்சு.

பொள்ளாச்சியில் ஒரு லாட்ஜில் தங்கினோம். சாயங்காலம் முழுவதும் அவர் வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். லாட்ஜ்காரர் பயந்துவிட்டார். "ஏனுங்க பெரியவரே, ஏதாச்சும் தொலைச்சுப் போட்டீங்களா?" என்று கேட்டார். "இன்னும் இல்லை" என்றார் அண்ணன்.

காலையில் ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டினோம். வளைவு ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. நான் எண்ணை உரக்கச் சொல்வேன். அவர் "ம்" என்பார். ஒன்பதாம் வளைவில் கீழே அணைத் தண்ணீர் மினுங்கியது. ஜனங்கள் காரை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பவில்லை. பதினெட்டாம் வளைவில் முன்பு இறுகிய இடம் வந்தது. கியரை மாற்றி, டேங்கை ஒரு தட்டுத் தட்டி, ஏறிவிட்டார். இருபத்திரண்டில் எஞ்சின் ஆற நிறுத்தினோம். நான் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது. எழுபத்திரண்டு வயது மனிதரின் முகத்தில் அதைப் பார்க்க எனக்குக் கூச்சமாகவே இருந்தது. "பார்த்தியா, மூச்சே வாங்கலை" என்றார். வண்டியைச் சொன்னார்.

முப்பதுக்கு மேல் பனி இறங்கியது. வால்பாறை போனவர்களுக்குத் தெரியும்; அது வருவது தெரியாது, வந்த பிறகுதான் தெரியும். தேயிலைச் சரிவு மறைந்தது, பிறகு சுவர், பிறகு சாலையின் ஓரம். கையைப் பரப்பித் தோளில் வைத்தேன். மெதுவாகப் போனார். முப்பத்து இரண்டு என்று பலகையைக் கிட்டே போய்ப் பார்த்துச் சொன்னேன். முப்பத்து மூன்றின் பலகை தெரிந்தது, எண் தெரிந்தது. வளைவு தெரியவில்லை. அப்போது பஸ் ஒன்று பனிக்குள்ளிருந்து இறங்கி வந்தது. ஹார்ன் கேட்டதும் பஸ் கடந்ததும் ஒரே நேரம். அதன் தகரம் என் முழங்கையைத் துடைத்துக்கொண்டு போயிற்று. சட்டைக் கை கிழிந்தது. நான் முஷ்டியை அவர் முதுகில் வைத்து அழுத்தினேன்.

நின்றுவிட்டார். ஓரமாக, சுவரை ஒட்டி, எஞ்சின் ஓடியபடி. ஏன் என்று கேட்கவில்லை. அவருடைய முதுகு நிமிர்ந்தே இருந்தது.

சைகை காட்டுகிறவனுக்கு ஒரு விதி உண்டு. லோடு உன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நிறுத்து. அதைத்தான் செய்தேன். அதுவரை தப்பில்லை. பத்து நிமிஷம் இருக்கும், வெயில் வந்தது. பனி பஞ்சு பிரிகிற மாதிரி பிரிந்தது. அடுத்த வளைவு வரை சாலை துடைத்துவைத்த மாதிரி கிடந்தது. ஒரு வண்டி இல்லை. மேலே சரிவில் கூடை சுமந்த பெண்கள் நடப்பதுகூடத் தெரிந்தது. ஒரு தட்டு போதும். இடது தோளில் ஒரே ஒரு தட்டு.

என் கை எழவில்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையும் கைப்பிடியில். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கூண்டில் எத்தனை ஆயிரம் தடவை அப்படி உட்கார்ந்திருப்பாரோ, அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் என் கிழிந்த சட்டையைப் பார்த்தேன். அண்ணியின் முகத்தை நினைத்தேன். என் பேத்தியை நினைத்தேன். அதையெல்லாம் நினைத்தேன் என்று இப்போது சொல்கிறேன். அப்போது ஒன்றையும் நினைக்கவில்லை. பயந்து கிடந்தேன். மேலும் ஒரு பத்து நிமிஷம் போயிருக்கும். அவர் எஞ்சினை அணைத்தார்.

"இறங்கு ரெங்கு. கால் மரத்துப் போயிருக்கும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இன்னும் ஏழு வளைவு இருந்தது.

வெறும் காய்கறிக் கூடைகளோடு ஒரு சின்ன சரக்கு வேன் மேலே போயிற்று. ஓட்டுநர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். வண்டி நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டார். "ஏத்துங்க பெரியவரே, ஏழு வளைவுதானுங்க, மேல கொண்டாந்து விட்டுடறேன்" என்றார். அண்ணன் தலையசைத்தார். "தூக்கிக்கிட்டுப் போய் மேல வச்சா அது ஏறினதா ஆகாது தம்பி. நீ கீழ வரப்ப சொல்லு" என்றார். ஓட்டுநருக்கு அது விளங்கவில்லை. வீட்டில் யாரும் ஆளில்லையா, இந்த வயதில் இதிலா மலைக்கு வருவார்கள் என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

வேன் திரும்ப வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை அண்ணன் நடந்தார். முப்பத்து நாலாம் வளைவு வரை ஏறிப் போய், பலகையைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடி போனார். மூன்று தடவை. நான் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேன் வந்ததும் பலகை போட்டு வண்டியை மேலே தள்ளினோம். ஓட்டுநர் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். நான் எதிரே நின்று, பழக்கத்தில், கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். என் விரல் மூடியதும் அண்ணன் தள்ளுவதை நிறுத்தினார். விரல் நீண்டதும் தள்ளினார். அந்த வண்டி அந்த மலையை மறுபடியும் இறங்கியது.

ஊருக்கு வந்ததும் கண்ணைப் பற்றி அவரே அண்ணியிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஓட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வாசலில் வண்டியை ஸ்டாண்டில் போட்டு உதைத்து ஸ்டார்ட் செய்வார். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று கேட்பார். அணைத்துவிடுவார். வளைவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான்தான் இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தேன். "அன்னைக்கு அண்ணே..." என்பேன். "அன்னைக்குப் பனி" என்று முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். தரையில் நிற்கிற பயந்தாங்கொள்ளி என்று சொல்லியிருக்கலாம். சங்கத்தில் பழைய ஆட்களிடம் சொல்லிச் சிரித்திருக்கலாம். உங்களில் ஒருவரிடமாவது சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

போன மாசம் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த மறுநாள் பார்க்கப் போனேன். இடது கண்ணும் மங்கிவிட்டது. கட்டிலில் படுக்க மாட்டேன் என்று சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். இனி அதை மனசுக்குள் வைத்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. "பனி விலகிடுச்சுண்ணே அன்னைக்கு. ரோடு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. பயந்துக்கிட்டு நான்தான் காட்டலை" என்றேன்.

"தெரியும்" என்றார். "எனக்கும் தெரிஞ்சுது."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. "அப்ப நீங்க போயிருக்கலாமே?"

"நீ காட்டலையே" என்றார்.

அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. இருந்தால் கேட்டிருப்பேன், எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஒரு சாதாரண விவரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு, ரெங்குக்குக் காபி கொடு என்றார். அதற்குப் பத்தாவது நாள் ரேஷன் கடையில் அந்தப் போன்.

கல்லறையில் மண் போட்ட பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். வாசலுக்குப் போனால் உள்ளே வரத் தோன்றும். அவருடைய வியாதி எனக்கு வந்துவிட்டது என்று மருமகள் சொன்னாள். நாலாம் நாள் யாரிடமும் சொல்லாமல் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து வால்பாறை பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துக்கொண்டே போனேன். முப்பத்து மூன்று வந்தது, கடந்தது. முப்பத்து நாலு. முப்பத்து ஐந்து. பஸ் ஓட்டுநர் பக்கத்தில் நின்றவரோடு பேசிக்கொண்டே திருப்பினார். நாற்பது முடிந்தது. அந்த ஏழு வளைவும், நாங்கள் ஏறிய முப்பத்து மூன்றையும்விடச் சுலபம். ஒத்தைக் கண்ணும் ஒரு தட்டும் தாராளமாகப் போதும்.

வால்பாறை பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கினேன். குடிக்க முடியவில்லை. அதே பஸ் திரும்பியது, ஏறிக்கொண்டேன்.

அவருடைய வண்டியை என்ன செய்வது என்று அண்ணி கேட்கிறார். எடுத்துக்கொள் என்றும் சொல்கிறார். எனக்கு ஓட்டத் தெரியாது. அதற்கு என் வீட்டில் இடமும் இல்லை. உங்களில் யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். அவருடைய கைத்திறனை, பிடிவாதத்தை, நக்கலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்; ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. எஞ்சின் ஓட, சாலை கண்ணுக்கு நேரே திறந்து கிடக்க, திரும்பிப் பார்க்காமல் என் கைக்காக ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தாரே, அந்தப் பத்து நிமிஷம் என்னுடையது. அதை நான் யாருக்கும் தர மாட்டேன்.